கோச்சை அனுப்பும் முன் கோல் விழுந்த நிமிஷத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரியில் உள்ள ஒரு கல்லூரி, பல்கலைக்கழகப் போட்டிகள் நடந்துகொண்டிருக்கும்போதே தன் கால்பந்து பயிற்சியாளரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டது பற்றி இந்தப் பகுதியில் வந்த இரண்டு கடிதங்களையும் படித்தேன். அவரைத் திரும்பக் கூப்பிடும்வரை மைதானத்துப் பக்கமே யாரும் போகக் கூடாது என்கிறது ஒன்று. தொடர்ந்து தோற்பவரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்கிறது இன்னொன்று. கல்லூரியின் பெயரை நானும் எழுதப் போவதில்லை. மலையில் ஃபுட்பால் ஆடுகிற எந்தக் கல்லூரிக்கும் நாளைக்கு இதே சண்டை வரலாம்.

இரண்டு கடிதத்திலும் ஸ்கோர் இருக்கிறது, கோபமும் இருக்கிறது. தோல்வி எங்கிருந்து வந்தது என்று ஒரு வரிகூட இல்லை. அதைப் பார்க்காமல் ஒரு கோச்சை வைத்திருப்பதும் குருட்டாம்போக்கு, நீக்குவதும் குருட்டாம்போக்கு.

பார்ப்பது கஷ்டமான காரியமில்லை. நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். விட்ட ஒவ்வொரு கோலுக்கும் நாலு விஷயம் எழுத வேண்டும். எந்த நிமிஷம் விழுந்தது. பந்து எங்கிருந்து வந்தது, அதாவது கார்னரா, ஃப்ரீ கிக்கா, விங்கிலிருந்து (மைதான ஓரத்திலிருந்து) கோல் முன்னால் தூக்கிப் போட்ட கிராஸா, நம் ஆளே எதிராளி காலில் கொடுத்த பாஸா. அடித்தவனை யார் பிடித்திருக்க, அதாவது ஒட்டி நின்று தடுத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நம் பையன்களில் எத்தனை பேர் ஓட முடியாமல் நடந்துகொண்டிருந்தார்கள். முதல் இரண்டும் ஸ்கோர் ஷீட்டிலும் பார்த்தவர்கள் நினைவிலும் இருக்கும். பின்னிரண்டுக்கு யாராவது போனில் எடுத்த வீடியோ கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு கோல் எழுதினாலே விஷயம் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

முதல் பதினைந்து நிமிஷத்தில் விழுந்த கோல் என்றால் பஸ்ஸைப் பாருங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு உதகையில் கிளம்பி, குன்னூர் தாண்டி, பதினாலு கொண்டை ஊசி வளைவும் இறங்கி, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு வந்து சேர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது. பர்லியார் வருவதற்குள் இரண்டு பேராவது வாந்தி எடுத்திருப்பார்கள். வெறும் வயிறு, மடங்கிக் கிடந்த கால், ஒன்பது மணிக்கு விசில். வார்ம் அப் செய்ய வேண்டிய நேரத்தில் டிரெஸ் மாற்றிக்கொண்டிருக்கிற அணி முதல் கால் மணி நேரத்தில் கோல் வாங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இறங்கியதற்கும் விசிலுக்கும் நடுவில் மூன்று மணி நேரமாவது வேண்டும். முதல் நாள் மாலையே இறங்கித் தங்குவது உத்தமம். அந்தத் தங்கும் செலவுக்குக் கையெழுத்துப் போடுவது கோச் இல்லை, நிர்வாகம்.

எழுபதாவது நிமிஷத்துக்குமேல் விழுந்தவை அதிகம் என்றால் வெயிலைப் பாருங்கள். மலைப் பையன்களுக்கு நெஞ்சுறுதி ஜாஸ்தி, கீழே போனால் ஓட்டத்தில் அவர்களை யாரும் பிடிக்க முடியாது என்று நம் ஊரில் ஒரு பேச்சு உண்டு. பாதிதான் சரி. 2,240 மீட்டர் உயரத்தில் ஓடிப் பழகிய உடம்புக்கு மூச்சு தாங்கும் என்பது உண்மை. ஆனால் 15, 18 டிகிரியில் பயிற்சி செய்தவனை 33 டிகிரியில் இறக்கினால், காலுக்குப் போக வேண்டிய ரத்தத்தில் ஒரு பங்கை உடம்பு சூட்டைத் தணிக்கத் தோலுக்கு அனுப்பிவிடும். நெஞ்சு படபடக்கும், கால் கனக்கும், வியர்வையில் உப்பு போய் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். முதல் பாதியில் புலியாக ஓடிய பையன் எழுபதாவது நிமிஷத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது இதனால்தான். தைரியக் குறைவு என்று கேலரியில் இருந்து கத்துகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

உடம்பு வெயிலுக்குப் பழக 10 முதல் 14 நாள் ஆகும். அத்தனை நாள் கோவையில் தங்க எந்தக் கல்லூரியிடமும் பணமில்லை. மலையிலேயே ஓரளவு ஈடுகட்டலாம். போட்டிக்கு முந்தைய இரண்டு வாரம், வாரத்துக்கு நாலைந்து நாள், மதியம் பன்னிரண்டு மணிக்கு, ஜெர்சிக்கு மேலே டிராக் சூட் போட்டுக்கொண்டு முப்பது நாற்பது நிமிஷம் ஓட்டமும் பாஸும். தண்ணீர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். காய்ச்சல், சளி உள்ளவனைச் சேர்க்கவே கூடாது. தலை சுற்றுகிறது என்று ஒருவன் சொன்னால் அந்த நிமிஷமே அவனுக்கு அன்றைய பயிற்சி முடிந்தது. ஆட்டத்தன்று இரண்டு மணி நேரம் முன்னால் அரை லிட்டர் தண்ணீர். இடைவேளையில், ஒரு பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் என்று அளந்து கரைத்த உப்பு சர்க்கரைக் கரைசல். ஒரு பாட்டிலில் இரண்டு பாக்கெட்டைக் கொட்டிக் கொடுத்தால் வயிறு கலங்கும், அந்தத் தப்பும் நடக்கிறது. மாற்று ஆட்களை எண்பதாவது நிமிஷம்வரை பெஞ்சில் உட்கார வைக்காமல் அறுபதிலேயே இறக்க வேண்டும். இவ்வளவும் கோச்சின் வேலை. மதியம் பன்னிரண்டு மணிக்குப் பையன்களை வகுப்பிலிருந்து விடுவது துறைத்தலைவர்களின் வேலை.

அடுத்தது காற்று. இதைப் பற்றி யாருமே பேசுவதில்லை, எனக்கு அதில் பெரிய வருத்தம் உண்டு. உயரத்தில் காற்று மெலிது. உதகையின் குளிர்ந்த காற்று கோவையின் சூடான காற்றோடு ஒப்பிட்டாலும் ஏறக்குறைய 15 சதவீதம் அடர்த்தி குறைவு. அதனால் இங்கே அடித்த பந்து மிதந்து போகும், அதிகம் வளையாது. கீழே அதே உதை உதைத்தால் ஐம்பது மீட்டருக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே விழும், வளைவும் கூடும்.

வலது பக்கக் கார்னர் ஒன்றை நினைத்துப் பாருங்கள். பந்து எழும்புகிறது. நம் கோலி (கோல்கீப்பர்) தூரத்தில் உள்ள இரண்டாவது போஸ்ட்டை நோக்கி நாலு அடி நகர்கிறான். மலையில் அந்தப் பந்து அங்கேதான் வந்து சேரும். கீழே அது நடுவிலேயே தலை குனிந்து இறங்குகிறது. கோலுக்கு முன்னால் தடுத்து ஆடும் ஸ்டாப்பரும் கோலியைப் போலவே ஒரு அடி பின்னால் நிற்கிறான். அவனுக்கு முன்னால் எதிராளி தலையை வைக்கிறான், கோல். பார்த்தவர்களுக்கு அது கோலியின் கேவலமான தப்பாகத் தெரியும். அவன் கண் மலைக்காற்றில் கற்றுக்கொண்ட கணக்கு அது. முதல் நாளே அந்த மைதானத்தில் அவனை நிறுத்தி, இரண்டு பக்கமிருந்தும் இருபது இருபதாக நாற்பது கிராஸ் போட்டுப் பிடிக்க வைத்தால் அந்தக் கணக்கு பெருமளவு திருந்தும். முதல் நாள் தங்குவது ஏன் அவசியம் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

பந்தின் காற்றுக்கும் இதே கதைதான். விதிப்படி பந்து சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம், அழுத்தம் கேஜில் (காற்றழுத்தம் அளக்கும் கருவியில்) சதுர அங்குலத்துக்கு எட்டரை முதல் பதினைந்தரை பவுண்டு. உதகையில் பத்து பவுண்டு அடைத்த பந்தைக் கோவைக்குக் கொண்டுபோனால், அங்குள்ள சூடு கொஞ்சம் ஏற்றிவிட்டாலும், வெளிக்காற்றின் அழுத்தம் அதிகம் என்பதால் கேஜ் எட்டரைக்கு இறங்கிவிடும். மேட்ச் பந்தை நடுவர் பார்த்துக்கொள்வார். வார்ம் அப்புக்கு நாம் பையில் போட்டுக்கொண்டு போன பந்துதான் ஏமாற்றும். அரை மணி நேரம் தொளதொளப்பான பந்தை உதைத்துவிட்டு விசிலுக்குப் பிறகு கல் மாதிரி ஒன்றைத் தொட்டால் முதல் பத்துப் பாஸும் காலை விட்டு ஓடும். கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை நம்ப வேண்டாம். ஒரு கேஜ், ஒரு கை பம்ப், இரண்டு மூன்று ஊசி. ஊசியை ஈரப்படுத்திவிட்டுச் செருக வேண்டும். உலர்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும். மைதானத்துக்கு வந்து இருபது நிமிஷம் கழித்து, பந்து அந்த ஊர்ச் சூட்டுக்கு வந்த பிறகு அளந்து பார்க்க வேண்டும்.

மைதானமும் நமக்கு எதிரி. மலையில் சமதளம் ஏது? சரிவை வெட்டி எடுத்த மைதானம், ஒரு ஓரத்தில் தேயிலைச் செடி. கிக்கூயூ புல் மெத்தை மாதிரி வளர்ந்து பந்தைப் பிடித்து நிறுத்தும். கீழே காய்ந்த கெட்டித் தரையில் பந்து ஓடும், துள்ளும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அணியைத் தயார் செய்ய வேண்டிய மாதங்களில்தான் மைதானம் சேறாகிப் பூட்டிக் கிடக்கிறது.

நேரத்தையும் எண்ணிப் பாருங்கள். நாலு மணிக்கு வகுப்பு முடிகிறது. பூட்ஸ் மாட்டி இறங்க நாலேகால். ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) எஸ்டேட் லைன் வீடுகளிலிருந்தும் வருகிற பையன்கள் ஐந்தரை பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். விட்டால் இருட்டில் நடை, வழியில் காட்டெருமை. எனவே ஒரு மணி நேரமும் கொஞ்சமும்தான் மிச்சம். காலையில் வைக்கலாம் என்றால் டிசம்பர், ஜனவரியில் ஆறரை மணிக்குப் புல் முழுக்க உறைபனி. இருபது நிமிஷம் உடம்பைச் சூடேற்றாமல் ஓடவிட்டால் தொடை கிழியும். இருபத்திரண்டு பேருக்கு நாலு பந்து வைத்துக்கொண்டு இந்த ஒரு மணி நேரத்தில் என்ன சொல்லித் தர முடியும்? ஒருவன் உதைக்க நாலு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். இருவருக்கு ஒரு பந்து என்று பதினோரு பந்தாவது இருந்தால்தான் அது பயிற்சி.

இவ்வளவும் சொன்னதால் போன கோச்சின் பேரில் தப்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. அவர் ரசிகர்கள் ஏற்க மறுக்கிற ஒரு விஷயம் உண்டு. மலையில் பலிக்கிற லாங் பால் ஆட்டத்தையே கீழேயும் ஆட வைத்தார். இங்கே மைதானம் குறுகல், காற்று மெலிது. கோலி உதைத்தால் இரண்டாவது துள்ளலில் பந்து எதிர் பெனால்டி பாக்ஸில் இருக்கும். கீழே அதே உதை நடுக்கோட்டைத் தாண்டியதும் எதிரணி ஸ்டாப்பர் தலையில் விழுகிறது. ஃபார்வர்டு இரண்டு பேரும் பந்தே வராமல் வெயிலில் ஓடிக் களைக்கிறார்கள். தரையோடு தரையாகப் பத்துப் பதினைந்து மீட்டர் பாஸ் போட்டு, பந்தை வைத்துக்கொண்டு, எதிராளியை ஓட விட்டிருக்க வேண்டும். வெயிலில் பந்து யாரிடம் இருக்கிறதோ அவன் குறைவாக ஓடுகிறான். கார்னரில் யார் யாரைப் பிடிப்பது என்பதும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறிக்கொண்டே இருந்தது. இவை இரண்டும் அவருடைய பொறுப்பு. அந்தக் கேள்வியை அவரை உட்கார வைத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல், போட்டிக்கு நடுவில், போன் பண்ணி நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொன்னதுதான் தவறு.

பொறுமைக்கு ஒரு சாட்சி சொல்கிறேன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா தன் முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0–2 என்று தோற்றது. கோச், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையது அப்துல் ரஹீம். அடுத்த ஆட்டங்களில் தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றார்கள். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசைக்கு அனுப்பினார். இறுதி ஆட்டத்தில் அதே தென் கொரியாவை 2–1 என்று வீழ்த்தினார்கள். அதில் ஒரு கோல் ஜர்னைலுடையது. அந்தத் தங்க அணியின் கோலி பீட்டர் தங்கராஜ் நம் மலைக்கு அந்நியர் இல்லை. வெலிங்டனில் இருக்கும் ராணுவ மையமான மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணியில் ஆடியவர். அந்த அணி 1955-லும் 1958-லும் டுராண்ட் கோப்பை என்ற அகில இந்தியக் கால்பந்துப் போட்டியை வென்றது. அவரும் முதலில் சென்டர் ஃபார்வர்டாக இருந்தவர்தான். ஆளை இடம் மாற்றிப் பார்க்க ஒரு பயிற்சியாளருக்கு அவகாசம் வேண்டும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் தோற்றால் உடனே நீக்கிவிடுகிறார்களே என்று ஒரு கடிதக்காரர் கேட்டிருந்தார். அவர்கள் ஃபுட்பால் என்பது நீள்வட்டப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற வேறு ஆட்டம் என்பது இருக்கட்டும். அங்கே நீக்குவதற்கு விலை உண்டு. 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்துக்காக அவருக்குத் தர வேண்டியிருந்தது சுமார் 7.6 கோடி டாலர். முந்தைய நாள்தான் அணி 51–10 என்று வென்றிருந்தது. இங்கே பகுதிநேர கோச்சுக்கு மதிப்பூதியம், கையில் ஒரு காகிதமும் கிடையாது. அங்குள்ள வெட்டும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஒப்பந்தத்தை விட்டுவிடுவது என்ன நியாயம்?

ரசிகர்களுக்கும் அங்கிருந்தே ஒரு எச்சரிக்கை உண்டு. பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஜோ பட்டர்னோ 46 பருவம் தலைமைப் பயிற்சியாளர். அவரிடம் உதவியாளராக இருந்த ஒருவர் மீது சிறுவர்களைப் பாலியல் கொடுமை செய்த வழக்கு வந்தது. தன் காதுக்கு வந்த புகாரில் பட்டர்னோ போதுமானதைச் செய்யவில்லை என்று 2011 நவம்பரில் அவரை நீக்கினார்கள். அன்று இரவு ஆயிரக்கணக்கான மாணவர்கள் தெருவில் இறங்கி, ஒரு டி.வி. வேனைக் கவிழ்த்தார்கள். யாருக்காகக் கத்துகிறோம், யாரை மறந்துவிட்டுக் கத்துகிறோம் என்று அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் யோசித்தார்களோ. பையன்கள் மேல் கை வைப்பது, பணம் வாங்கிக்கொண்டு டீமில் சேர்ப்பது, பெண்கள் அணியிடம் வரம்பு மீறுவது ஆகியவற்றுக்கு முகாந்திரம் தெரிந்த அன்றே கோச்சை ஒதுக்கி வைத்து விசாரிக்க வேண்டும், அவர் எத்தனை கோப்பை வாங்கிக் கொடுத்திருந்தாலும் சரி. நம் மலைக் கல்லூரி விஷயத்தில் அப்படி ஒரு புகாரும் எழவில்லை. பேச்சு முழுக்க ஸ்கோர் பற்றித்தான்.

ஸ்கோருக்காக என்றால் முறை இதுவாக இருக்கட்டும். கோச்சுக்கு இரண்டு ஆண்டு எழுத்து ஒப்பந்தம். மூன்றாண்டுப் படிப்பில் வருஷா வருஷம் அணியில் மூன்றில் ஒரு பங்கு வெளியே போய்விடுகிறது. ஒரே ஆண்டை வைத்து யாரையும் எடை போட முடியாது. பருவம் முடிந்ததும், ஏப்ரல் தேர்வுக்கு முன்னால், பிப்ரவரி மார்ச்சில் மதிப்பீடு. உடற்கல்வி இயக்குநர், கோச், கேப்டன், கல்லூரிக்கு வெளியே உள்ள லைசென்ஸ் பெற்ற பயிற்சியாளர் ஒருவர், இவர்கள் நாலு பேரும் அந்த நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் உட்கார்ந்தால் போதும். கல்லூரி எத்தனை பந்து கொடுத்தது, எத்தனை நாள் மைதானம் கொடுத்தது, எத்தனை முறை முதல் நாளே அணியை அனுப்பியது என்பதும் அதே நோட்டில் இருக்க வேண்டும். நீக்குவதானால் ஒரு மாத அவகாசமும் காரணம் எழுதிய கடிதமும் தர வேண்டும்.

மைதானத்தைக் காலியாக விடுவோம் என்கிற நண்பர்களுக்கு: உங்கள் பாசம் புரிகிறது. மழையிலும் குடை பிடித்துக்கொண்டு ஹாஃப் டைம்வரை நகராமல் நிற்கிற கூட்டம் நீங்கள். ஆனால் காலி கேலரியைப் பார்க்கப் போவது நிர்வாகம் இல்லை, பத்தொன்பது வயதுப் பையன்கள். இவன் பழைய கோச்சின் ஆள், அவன் புது கோச்சின் ஆள் என்று வாட்ஸ்அப்பில் பிரித்து வைத்தால் பாஸ்கூட அப்படித்தான் போகும். மனுவில் கேப்டனிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள்; இன்டர்னல் மார்க் அவன் கல்லூரியில் இருக்கிறது, உங்களிடம் இல்லை. கோரிக்கையை முன்னாள் மாணவர்கள் எழுதி, முதல்வரிடம் நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். ஆட்ட நாளில் போய் நின்று கை தட்டுங்கள்.

புதிதாக வந்திருக்கிறவரிடம் ஒரு வேண்டுகோள். வந்த வேகத்தில், பின்னால் நாலு, நடுவில் நாலு, முன்னால் இரண்டு பேர் நிற்கும் 4-4-2 ஆட்டத்தை 3-5-2 ஆக மாற்றிவிடாதீர்கள். பின்னால் மூன்று பேர் மட்டும் நிற்கப் பழக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் இரண்டு விங்கும் திறந்து கிடக்கும். இந்தப் பருவத்துக்குக் கார்னர் மார்க்கிங்கை மட்டும் சரிசெய்யுங்கள். யாருக்குக் கணுக்கால் பழைய காயம், யாருக்கு வளைவுகளில் வாந்தி வரும், யார் இடது காலில் ஃப்ரீ கிக் அடிப்பான், கார்னருக்குக் கை தூக்கினால் என்ன அர்த்தம் என்பதெல்லாம் பழைய கோச்சின் நோட்டில் இருக்கும். அந்த நோட்டு இன்னும் அவர் பையிலேயே இருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு அணி மலை இறங்குவதற்குள் கல்லூரியிலிருந்து பொறுப்பான ஒருவர் அவர் வீட்டுக்கே போய், மரியாதையாகக் கேட்டு வாங்கி வரட்டும்.

இப்படிக்கு,
கால்பந்து நடுவர் ஒருவர்,
குன்னூர்.